முதலில் கணக்கெடுப்போம்!

(மஹல்லா மருத்துவ உதவி ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



நம் மஹல்லாவுக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்க வேண்டும் என்று எனக்கு முன் பேசிய சகோதரர்கள் கேட்டுக் கொண்டார்கள். நல்ல எண்ணம்; வரவேற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. நம் தெருக்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய்? எத்தனை பேர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்? பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்? சந்தாக் கணக்கு நம்மிடம் பைசா சுத்தமாக இருக்கிறது. நோய்க் கணக்கு இருக்கிறதா?

சரக்கு எடுக்கப் போகும் வியாபாரி, எது தீர்ந்தது, எது தேங்கிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தானே போகிறார்? சமுதாயப் பணத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமா?

கணக்கு நோயைத் தீர்க்குமா என்பீர்கள். 1854இல் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலராவால் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பினர். டாக்டர் ஜான் ஸ்நோ, இறந்தவர்கள் எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்தார். பிராட் தெரு அடிகுழாய் அகப்பட்டது. அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் சொன்னதை முதலில் நம்பாத அப்பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வொயிட்ஹெட், தாமே வீடு வீடாக ஏறி இறங்கினார், உண்மையை ஒப்புக்கொண்டார். தெரு மக்களை அறிந்தவர் அவர். அந்த வேலை நம் இளைஞர்களால் ஆகாதா?

நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. ரத்தக்கொதிப்போ பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. காலை முதல் இரவு வரை கல்லாவில் அமரும் வணிகர்களே, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?

வழி எளிது. இருபது வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள். பெண்களிடம் பெண்களே பேசட்டும். வயது, நோய், மருந்து, தடுப்பூசி, குடிநீர் – இவ்வளவு கேட்டால் போதும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. ஒரு வீட்டின் நோய் டீக்கடைப் பேச்சாகிவிடக் கூடாது. பெயரில்லாத மொத்தத் தொகை மட்டுமே வெளியே வர வேண்டும். நம் தெருவில் வாழும் பிற சமயச் சகோதரர்களின் வீடுகளும் சேரட்டும். கொசுவும் சாக்கடையும் மதம் பார்ப்பதில்லை!

அந்தக் கணக்குடன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைச் சந்திப்போம். எது முதலில் என்று அவரோடு அமர்ந்து முடிவு செய்வோம். அவசரத்துக்கு 108 ஊர்தி 2008 முதல் தமிழகத்தில் கட்டணமின்றி வருகிறது. டயாலிசிஸ் செய்து வர வாரந்தோறும் வண்டி தேடும் ஏழைகள் பலர் என்று கணக்கு சொன்னால், அப்போது வண்டி வாங்குவோம்.

முகாம் நடத்தி, படம் எடுத்து, கலைந்து போவதல்ல சேவை. நோய் கண்டறியப்பட்டவர் அடுத்த மாதமும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதே சேவை.

வரும் ஞாயிறன்று நோட்டும் பேனாவுமாக வாருங்கள்! முதல் வீடு என் வீடாக இருக்கட்டும்.