சுருக்கும் முன் சிந்தியுங்கள்

நிலாவெளிக் கரைக்கு ஒலியின் நெடும்பயணம் புதிதன்று. 1980-களில் ஜெர்மன் வானொலி அங்கே அஞ்சல் நிலையம் அமைத்துச் சிற்றலை வழியே ஆசிய நேயர்களை எட்டியது. சிற்றலையில் இசையின் நுண்மை தேயும். சொல் மட்டும் வந்து சேரும். எதை விடலாம், எதைக் காக்கவேண்டும் என்ற அதே வினா இன்று வீட்டுக் கணினியிலும் எழுகின்றது.

குறுந்தட்டு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து பதிகின்றது. அதற்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எம்பி3 முறையில் 128 கிலோபிட்டைத் தெரிந்தெடுத்தால், கோப்பு பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். செவி உணராதென்று கணித்தவற்றை அம்முறை களைந்துவிடுகின்றது. பேச்சுக்கு 64 போதும். தவிலின் கூரிய அடியோ குறைந்த அளவில் மழுங்கும். ஆகவே இசைக்கு 192 முதல் 256 வரை நன்று.

களைந்தது மீளாது. 128-இல் சுருக்கியதைப் பின்னர் 320-க்கு உயர்த்தினால் கோப்பு பருக்குமேயன்றி இசை திரும்பாது.

ஊர்க் கோயில் திருவிழாவின் நாதஸ்வரம், மறைந்த பாட்டியின் தாலாட்டு ஆகியன மறுமுறை கிடையா. அவற்றை ஃபிளாக் முறையில் வைத்தல் வேண்டும். அது கோப்பை ஏறத்தாழப் பாதியாக்கினும் ஒலியில் அணுவளவும் இழப்பதில்லை. கைத்தொலைபேசிக்கு வேண்டிய சிறு பிரதியை அம்மூலத்திலிருந்தே எடுக்கலாம்.

மூலத்தின் மற்றொரு பிரதி வேற்றூரில் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட நிலாவெளிக்கு இதன் காரணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.