ஆச்சே தெருவில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்

பினாங்கு என்றதும் உங்கள் மனம் எங்கெங்கே ஓடும் என்று தெரியும்: தண்ணீர்மலை, கொம்தார், கொடிமலை ரயில், பாலம், வரிசையில் நின்று வாங்கும் ஒரு தட்டு நாசி கண்டார். இவற்றுக்கெல்லாம் வானொலியின் சிபாரிசு தேவையில்லை. இன்று ஜார்ஜ் டவுனில் ஒரே ஒரு தெருவுக்குப் போகலாம். பெரியவர்கள் இன்னமும் பிட் ஸ்த்ரீட் என்று சொல்லும் சாலையில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கித் தெற்கே நடந்தால் குவான் யின் கோயில் வரும், பக்கத்துத் தெருவில் குயின் ஸ்த்ரீட் மாரியம்மன் வருவாள், பிறகு கப்பித்தான் பள்ளிவாசல். சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார்கள். நாம் இன்னும் கொஞ்சம் நடந்து, தென்கோடியில் இருக்கும் லெபு ஆச்சே என்னும் ஆச்சே தெருவுக்குள் திரும்புவோம். இந்தத் தெருவைச் சாட்சியாக வைத்து உங்கள் முன் ஒரு வழக்கு: ஜார்ஜ் டவுன் ஒரு புண்ணிய நகரம். சிரிப்பு வருகிறதா? வரலாம். காசிக்கும் மக்காவுக்கும் ஜெருசலேமுக்கும் உரிய சொல்லை, பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் கொடியேற்றி, கிழக்கிந்தியக் கும்பெனியின் வியாபாரத்துக்காக உண்டாக்கிய ஊருக்குக் கொடுப்பதா? இங்கே எந்த நபியும் பிறக்கவில்லை. எந்த நாயன்மாரும் வந்து பதிகம் பாடவில்லை. தீர்த்தம் என்று சொல்லக் கடல் ஒன்று உண்டு, அதில் மூட்டைகள்தான் இறங்கின.

ஆனால் தீர்த்தம் என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பாருங்கள். வடமொழியில் அதன் பழைய பொருள், ஆற்றைக் கடக்கும் இடம். தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் அதைவிடப் பொருள் நிறைந்தது: துறை. படகு அணையும் இடம் துறை. புண்ணிய நீராடும் படிக்கட்டு துறை. மயிலாடுதுறையும் திருப்பெருந்துறையும் அப்படிப் பெயர் பெற்ற ஊர்கள். கப்பல் வந்து நிற்பது துறைமுகம். போதாததற்கு, படிப்பின் ஒரு பிரிவுக்கும் அதே பெயர்தான்: தத்துவத் துறை, இலக்கணத் துறை. கடப்பதும் வழிபடுவதும் கற்பதும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. சொல் வைத்து வாதாடுவது வக்கீல் வேலை என்று நீங்கள் தள்ளிவிடலாம். சரி, சொல்லை விட்டுத் தெருவுக்கு வருவோம். புண்ணிய நகரத்தை நாம் எப்போதும் போய்ச் சேரும் இடமாகவே நினைக்கிறோம். போகிறவன் வழியில் தங்கி, காத்திருந்து, தன்னைத் தயார்செய்துகொள்ளும் ஊருக்கு அந்தப் பெருமையில் பங்கு கொடுப்பதில்லை. லெபு ஆச்சே கேட்பது அந்தப் பங்கைத்தான்.

தெருவின் பள்ளிவாசல் 1808ல் எழுந்தது. கட்டியவர் தெங்கு சையித் ஹுசைன் அல்-ஐதித். ஹத்ரமி அரபு வழியில் வந்து, சுமத்திராவின் ஆச்சேயிலிருந்து 1792ல் இங்கே குடியேறிய பெருவணிகர். தம் மகனை ஆச்சே அரியணையில் ஏற்றப் பார்த்த அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர் (அந்த அரசியலுக்குள் போனால் இன்றைய உரை திரும்பி வராது). பள்ளிவாசலையும் சுற்றியுள்ள நிலத்தையும் வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக, விட்டார். அந்த நிலத்தின் மேல்தான் பின்னாளில் ‘இரண்டாவது ஜித்தா’ என்று பெயர் வாங்கிய தெரு வளர்ந்தது. கெடா, பெர்லிஸ், பேராக், தென் சயாமின் பட்டாணி, எதிர்க்கரைச் சுமத்திரா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். நாகப்பட்டினத்துக் கப்பலை நினைவு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கப்பல் பயணம் என்பது கடலில் பாதி, கரையில் பாதி. ஹஜ்ஜுப் பயணியின் கரைப் பாதி இன்னும் நீளம். ஏன் என்றால் மூன்று நாட்காட்டிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நெல் விவசாயியின் கையில் பணம் வருவது அறுவடைக் கணக்கில். ஹஜ்ஜு மாதம் வருவது பிறைக் கணக்கில். அது ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். கப்பல் கிளம்புவதோ சரக்குக் கணக்கில். இந்த மூன்றுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில், மூட்டை முடிச்சோடு, வாரக்கணக்கில் மக்கள் ஆச்சே தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

காத்திருப்பவர்கள் எல்லாரும் படிப்பாளிகள் ஆகிவிடுவதில்லை. பஸ் நிலையத்தில் யாரும் ஞானம் பெறுவதில்லை. ஆனால் ஹஜ்ஜு வேறு மாதிரி. அது முறைப்படி செய்ய வேண்டிய கடமை. இஹ்ராம் எங்கே அணிவது, கஅபாவை எப்படி வலம் வருவது, அரஃபாவில் எவ்வளவு நேரம் தங்குவது, எது தவறினால் எது பரிகாரம் என்று வரிசையாக விதிகள் உண்டு. ஆயுள் முழுவதும் சேர்த்த காசில், ஆயுளில் ஒரே ஒரு தடவை செய்யப் போகிறவனுக்குப் பிழை செய்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயமும் கையில் இருந்த நாள்களும் சேர்ந்து பாடம் கேட்க வைத்தன. பள்ளிவாசலில் ஹஜ்ஜு முறை சொல்லிக்கொடுத்தார்கள். தெருவில், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையில் அச்சிட்ட கித்தாபுகள், அதாவது மார்க்க நூல்கள், விற்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். போகிறவர்கள் நடந்த தெருவிலேயே திரும்பி வந்தவர்களும் இறங்கினார்கள். மக்காவில் ‘ஜாவா’ என்று அழைக்கப்பட்ட தென்கிழக்காசிய மாணவர்கள் பெருங்கூட்டமாகத் தங்கிப் படித்தார்கள். 1885ல் அங்கே இருந்த டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அப்படிப் படித்தவர்கள் ஊர் திரும்பும்போது முதலில் மிதித்த மண்களில் இதுவும் ஒன்று. கேள்வியோடு போகிறவனும் பதிலோடு வருகிறவனும் ஒரே தெருவில் சந்தித்தால் அங்கே பள்ளிக்கூடம் முளைக்காமல் இருக்குமா? 1916ல் இங்கிருந்த அரபு வணிகர்கள் தொடங்கிய மதரஸா அல்-மஷூர் அப்படித்தான் முளைத்தது. 1919ல் அதன் தலைமை ஆசிரியராக வந்தவர் சையித் ஷேக் அல்-ஹாதி. கெய்ரோவில் புறப்பட்ட சீர்திருத்தக் கருத்துகளை மலாய் வாசகனிடம் கொண்டுவந்தவர். எகிப்தைக் களமாக வைத்து ‘ஃபரீதா ஹானும்’ என்ற காதல் நாவல் எழுதினார், அது விற்ற விற்பனையில் 1927ல் ஜெலுத்தோங் அச்சகத்தை நிறுவினார். மதரஸா ஆசிரியர் காதல் நாவல் எழுதி அச்சகம் வைத்த ஊர் வேறு எது என்று எனக்குச் சொல்லுங்கள்!

கப்பல் என்று சொன்னதும் ஒரு கப்பலைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1880 ஜூலையில் ‘ஜித்தா’ என்ற நீராவிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, பினாங்கிலும் ஆள் ஏற்றிக்கொண்டு, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹஜ்ஜுப் பயணிகளோடு மேற்கே போனது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். இந்துமாக் கடலில் காற்றும் கொந்தளிப்பும். கொதிகலன்கள் இருப்பிடத்திலிருந்து அசைந்தன, கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. பயணிகள் இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி, ஆப்பிரிக்காவின் குவார்டஃபுய் முனைக்கு அருகே, கப்பல் தலைவரும் அவர் மனைவியும் மேலதிகாரிகளும் படகில் இறங்கிப் போய்விட்டார்கள். வழியில் வந்த வேறொரு கப்பல் அவர்களை ஏற்றி ஏடனில் சேர்த்தது. ‘ஜித்தா மூழ்கிவிட்டது, பயணிகளும் போய்விட்டார்கள்’ என்று அங்கே சொன்னார்கள். உலகத்துக்குத் தந்தி பறந்தது. அடுத்த நாளே ‘ஆன்டினோர்’ என்ற கப்பல், மூழ்கியதாகச் சொல்லப்பட்ட அதே ஜித்தாவை இழுத்துக்கொண்டு ஏடனுக்குள் நுழைந்தது, பயணிகள் உயிரோடு நிற்க! கைவிடப்பட்டவர்கள் இறைப்பதை விடவில்லை. விசாரணை நடந்தது. தலைவரின் சான்றிதழை மூன்றே மூன்று ஆண்டுக்குத்தான் நிறுத்தி வைத்தார்கள். ஜோசப் கான்ராட் இதை எடுத்து 1900ல் ‘லார்ட் ஜிம்’ நாவலாக எழுதினார். அதில் கப்பலின் பெயர் பட்னா. கதையின் கவலை முழுக்க ஓடிப்போன ஒரு வெள்ளைக்கார இளைஞனின் மனசாட்சி. தண்ணீர் இறைத்தவர்களின் மனத்தில் என்ன ஓடியது என்பது அந்த நாவலின் அக்கறை அல்ல. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவன் கடனை அடைத்து, உறவினரிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்பாமல் போனாலும் சரி என்ற நிலையில் கிளம்ப வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது. அது சடங்குப் பேச்சாக அந்தக் காலத்தில் ஒலித்திருக்காது. ஆச்சே தெருப் பாடங்களின் எடை புரிய, அந்தக் கப்பலின் அடித்தளத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நீங்கள் குறுக்கிடுவீர்கள். இது புண்ணியமா, வியாபாரமா? டிக்கெட் முகவர், ஹஜ்ஜுத் தரகர், விடுதிக்காரர், தையற்காரர், சொங்கோக் தொப்பி தைப்பவர், புத்தகக் கடைக்காரர் என்று தெருவே பயணியின் மடிச்சீலையை நம்பித்தானே வாழ்ந்தது? ஆம். மாடு கன்றை விற்றுக் கொண்டுவந்த காசு கரையிலேயே கரைந்துபோன கிராமத்தாரும் இருந்திருப்பார்கள். அதை மூடி மறைத்து இந்தத் தெருவைப் புகழ்வது நியாயமில்லை. ஆனால் இந்த அளவுகோலை எடுத்தால் எல்லா ஊருக்கும் அதை வைக்க வேண்டும். காசியில் காசு கேட்கும் பண்டா உண்டு, ராமேசுவரத்தில் தீர்த்தத்துக்குக் கட்டணம் உண்டு, நாகூரில் சர்க்கரைப் பொட்டலத்துக்கு விலை உண்டு. வெளியூரான் வந்து குவிகிற இடத்தில் சத்திரமும் கடையும் இல்லாமல் பக்தி மட்டும் தனியாக நிற்க முடியாது. ஆச்சே தெருவில் நான் கவனிப்பது, அந்தப் பணம் திரும்பி எங்கே போனது என்பதை. பள்ளிவாசலுக்கு நிலமாக, மதரஸாவாக, அச்சு எழுத்தாக அதில் ஒரு பங்கு திரும்பியது. பங்கு சிறியதா பெரியதா என்று சண்டை போடலாம். திரும்பவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரு மதத்தின் ஒரு தெருவை வைத்து ஒரு நகரத்தையே புண்ணியமாக்குவதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஊரின் வடமேற்கே, புலாவ் தீக்குஸ் பக்கம் போக வேண்டும். பிரெஞ்சு கத்தோலிக்க மிஷனரிகள் ஆசியக் குருமாரைப் பயிற்றுவிக்க 1665ல் சயாமின் அயுத்தியாவில் ஒரு குருமடம் தொடங்கினார்கள். போரும் துன்புறுத்தலும் அதை ஊர் ஊராகத் துரத்தின. 1770ல் அது வந்து ஒதுங்கிய இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினம், அரிக்கமேட்டின் அண்டை. மீனவக் குப்பத்தில் சீனரும் வியட்நாமியரும் சயாமியரும் லத்தீன் படித்தார்கள்! அங்கேயும் நிலைக்காமல் மூடி, 1808ல் பினாங்கில் ‘கல்லூரி ஜெனரல்’ என்று மறுபடி எழுந்தது. வியட்நாமின் பெரும்புலவர் பெத்ருஸ் கீ 1851லிருந்து ஏழாண்டு படித்தது இங்கே. இங்கே பாடம் சொன்ன இருவர், இம்பேர், ஷாஸ்தான், 1839ல் கொரியாவில் தலை கொடுத்தார்கள். 1984ல் திருச்சபை அவர்களைப் புனிதராக்கியது. ஆச்சே தெருவுக்கு வந்தவர்கள் மேலே போகக் காத்திருந்தார்கள். குருமடத்துக்கு வந்தவர்கள் தங்கள் நாட்டில் புயல் ஓயக் காத்திருந்தார்கள். மூன்றாவது வகையும் உண்டு. சூலியா வீதியும் கிங் ஸ்த்ரீட்டும் சந்திக்கும் மூலையில் உள்ள சின்ன நாகூர் தர்காவைப் பாருங்கள். உள்ளே ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கம் கிடையாது. அது நாகூரில் இருக்கிறது. திரும்பிப் போக வசதியில்லாத தமிழன் இங்கேயே கொடியேற்றிக் கந்தூரி கொடுக்க ஓர் இடம் கட்டிக்கொண்டான். போக முடியாதவர்களுக்கும் ஒரு துறை தேவைப்பட்டது.

நல்லிணக்கத் தெரு என்று பிட் ஸ்த்ரீட்டுக்குப் பெயர் வைத்து விற்கிறார்களே, அதையும் இந்த வழக்கில் சேர்க்கலாமே என்பீர்கள். சேர்க்க மாட்டேன். 1867 ஆகஸ்டில் இதே தெருக்களில் சீன ரகசியச் சங்கங்கள் இரண்டும், முகர்ரம் ஊர்வலங்களோடு வளர்ந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி முஸ்லிம் குழுக்களும் அணி சேர்ந்து பத்து நாள் சண்டையிட்டன. அதில் வேடிக்கை, இஸ்லாமியரும் சீனரும் எதிரெதிராக நிற்கவில்லை. இரண்டு அணியிலும் இரு தரப்பாரும் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் கோயில் கட்டியதால் மட்டும் மனிதர்கள் இணங்கிவிடுவதில்லை, மதம் வேறு என்பதால் மட்டும் பகைப்பதுமில்லை. புண்ணிய நகரங்கள் சாந்தமாக இருந்ததாகச் சரித்திரம் எங்கேயும் சொல்லவில்லை. ஜெருசலேமைக் கேளுங்கள்.

எனக்கே பதில் சொல்லக் கடினமாக இருக்கும் ஆட்சேபம் ஒன்று பாக்கி. காத்திருப்புதான் இந்த ஊரைப் புண்ணியமாக்கியது என்றால், காத்திருப்பு போன பிறகு? 1970களில் ஹஜ்ஜு விமானத்துக்கு மாறியது. கப்பல் நின்றது, தரகர் கடைகள் சாத்தின, விடுதிகளில் ஆள் இல்லை. 2008ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, பழைய கடைவீடுகளுக்குப் புதிய வண்ணமும் புதிய வாடகையும் வந்தன. இப்போது அங்கே வருகிறவர்கள் சுவரோவியத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போகிறார்கள். வழக்கில் இந்த இடத்தில் நான் தோற்கலாம். ஆனால் ஹஜ்ஜு முறை கற்பது விமானத்தோடு நின்றுவிடவில்லை; புறப்படுவதற்கு மாதங்கள் முன்பே வகுப்புகள் நடக்கின்றன. மலேசியாவில் ஹஜ்ஜு வரிசையே ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. காத்திருக்கும் இடம்தான் தெருவிலிருந்து வீட்டுக்கு மாறியிருக்கிறது.

அடடா, நேரம் முடிகிறது, கப்பித்தான் பள்ளிக்குள் உங்களை அழைத்துப் போகவே இல்லை. அதைக் கட்டிய பரங்கிப்பேட்டை காதர் முகைதீன், 1801, கும்பெனி கொடுத்த நிலம், எல்லாம் இன்னொரு நாளைக்கு. அடுத்த தடவை ஊருக்கு வந்தால் ஆச்சே பள்ளியின் எண்கோண மினாராவை அண்ணாந்து பாருங்கள். உடம்பில் வட்டமாக ஒரு துளை தெரியும். 1867 சண்டையில் பாய்ந்த பீரங்கிக் குண்டு என்று தெருக்காரர்கள் சொல்வார்கள். பார்த்துவிட்டு வாசல் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கப்பல் எப்படியும் தாமதம்தான்.