பெரியம்மாவின் போனில் இடமில்லை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கால் மணி நேரம்தான் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். போன மாதம் மட்டும் நம் குடியிருப்பில் நான்கு பேர் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அம்மாவுக்கு ஒரு போன் வாங்கணும், போட்டோ நிறைய எடுப்பாங்க, 64 ஜிபி போதுமா, 128 வாங்கணுமா?" தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரேயடியாக இங்கே சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். நான் இதில் நிபுணன் இல்லை. தப்பாக வாங்கிக் கொடுத்து அனுபவப்பட்டவன்.

ரத வீதிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ஒரு தீபாவளிக்கு நான்தான் போன் வாங்கிக் கொடுத்தேன். கடையில் 64 ஜிபி, 128 ஜிபி இரண்டும் இருந்தன. வித்தியாசம் 1,500 ரூபாய். "வயசானவங்களுக்கு இது தாராளம் சார்" என்று கடைப் பையன் சொன்னான். நானும் அதையேதான் நினைத்தேன். பெரியம்மா என்ன, கேம் விளையாடப் போகிறாரா?

பெரியம்மா கேம் விளையாடவில்லை. படம் எடுத்தார். வாசல் கோலம், மொட்டை மாடி மல்லிகைச் செடி, பேப்பர் படித்துக்கொண்டே தூங்கிப்போன பெரியப்பா, பூனையை விரட்டும் பெரியப்பா, மின்சார பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ திட்டும் பெரியப்பா. அதை வீடியோவாகவே எடுத்திருந்தார். அடுத்த மாசி மாதம் பெரியப்பா தவறிவிட்டார்.

அதற்கடுத்த வருஷம் ஆடித் தபசு. கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவாமி சங்கரநாராயணராகக் கோமதியம்மனுக்குக் காட்சி கொடுக்கும் நேரம். பெரியம்மா போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், படம் விழவில்லை. இடமில்லை என்று வருகிறது. பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் கொடுத்து, "ஐயா, என்னமோ எழுதி வருது, படம் எடுக்க மாட்டேங்கு, கொஞ்சம் பாரு" என்றிருக்கிறார். அந்தப் பையன் நல்ல மனதோடுதான் செய்தான். பெரிய அளவில் இருக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அழித்தான். அழித்தும் இடம் வரவில்லை. ஏனென்றால் அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அவனுக்கு அது தெரியும். குப்பைத்தொட்டியையும் காலி செய்துகொடுத்தான். பெரியம்மாவுக்குத் தபசுக் காட்சி கிடைத்தது. பெரியப்பா வீடியோ போய்விட்டது.

எனக்கு விஷயம் தெரிய வந்தது இரண்டு வாரம் கழித்து. என்னென்னவோ செய்து பார்த்தேன், திரும்பவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் எப்போதோ போட்டிருந்த சில படங்கள் கோயம்புத்தூரில் இருக்கும் மதினியின் போனில் இருந்தன. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படங்கள், பெரிதாக்கினால் முகம் கலங்குகிறது. அவ்வளவுதான் மிச்சம். பெரியம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "விடு, அது போன்தானே" என்றார். 1,500 ரூபாய் மிச்சம் பிடித்தது நான்தான் என்று எனக்குத்தானே தெரியும்.

பிறகு விசாரித்தால் இன்னொன்று தெரிந்தது. அந்த போன் தபசுக்கு நான்கைந்து மாதம் முன்பே நிரம்பிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை பெரியம்மா உட்கார்ந்து எதையாவது அழித்து அழித்து ஓட்டியிருக்கிறார். எதை அழித்தார் என்று அவருக்கே நினைவில்லை. நம்மிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் கேட்டால், "உனக்கு வேலை இருக்கும்லா" என்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், நமக்கு வாங்கும் கணக்கு வேறு, பெரியவர்களுக்கு வாங்கும் கணக்கு வேறு. நம் போன் நிரம்பினால் எதை எடுத்துப் போடலாம் என்று நமக்குத் தெரியும். அவர்கள் போன் நிரம்பினால், ஒன்று பயந்துகொண்டே எதையோ அழிப்பார்கள், இல்லையென்றால் தெரியாத யாரோ அழித்துக் கொடுப்பார்கள். அந்த போனை வைத்திருக்கும் காலம் முழுக்க இப்படி ஒரு நிலைமை வரக்கூடாது. அதற்கு எத்தனை ஜிபி வேண்டும் என்பதுதான் கேள்வி.

இனி கணக்கு. பெட்டியில் 64 என்று போட்டிருந்தால் 64-உம் நமக்கு இல்லை. ஆண்ட்ராய்டும் கம்பெனி போட்டுத் தரும் செயலிகளும் சேர்ந்து 15 முதல் 25 ஜிபி வரை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். பெரியம்மா போனில் மீதி 40 இருந்தது. சாதாரணமாக ஒரு படம் 3 முதல் 5 எம்பி. தினம் 8 படம் என்று வைத்தால், படத்துக்கு 4 எம்பி வீதம் வருஷத்துக்கு ஏறக்குறைய 12 ஜிபி. வீடியோதான் ஆள் விழுங்கி. 1080பி-யில் ஒரு நிமிடம் சுமார் 130 எம்பி. வாரம் 2 நிமிடம் எடுத்தாலே வருஷத்துக்கு 13 ஜிபிக்கு மேல். வாட்ஸ்அப்பில் வந்து சேர்வது ஒரு 5 ஜிபி. ஆக வருஷத்துக்கு 30 ஜிபி. 40 ஜிபி என்றால் ஒன்றே கால் வருஷம், ஒன்றரை வருஷம். பெரியம்மாவுக்கு அப்படியே நடந்தது. வாங்கும் அன்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டில் இதற்கு என் எண்கள் வேண்டாம். அம்மாவின் இப்போதைய போனை எடுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் படங்கள் எவ்வளவு, வீடியோ எவ்வளவு, செயலிகள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். படத்தையும் வீடியோவையும் கூட்டி, போன் வாங்கி எத்தனை வருஷம் ஆனதோ அதால் வகுங்கள். புது போனின் கேமரா பெரிது, படமும் கொஞ்சம் பெரிதாகவே விழும், அதனால் ஒன்றரை மடங்கு வையுங்கள். அதை 5 வருஷத்தால் பெருக்குங்கள். ஏனென்றால் பெரியவர்கள் போன் மாற்ற மாட்டார்கள், உடைந்தால்தான் மாற்றுவார்கள். அதோடு 25 ஜிபி சேருங்கள். முழுக்க நிரம்பினால் போன் மந்தமாகும், ஆகவே மேலே கொஞ்சம் இடமும் விடுங்கள்.

பெரியம்மாவுக்கு வருஷம் 45 என்று வைத்துப் பார்த்தேன். 128 ஜிபி இரண்டு வருஷம் சொச்சம்தான் வருகிறது. 256 வாங்கினேன். கோவிலுக்குப் போனால் ஒரு படம், பேரன் வந்தால் ஒரு படம் என்று இருப்பவர்களுக்கு 128 போதும். 64 பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி. சாதாரண ஆண்ட்ராய்டு போனில் 128-க்கும் 256-க்கும் வித்தியாசம் பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம். ஐபோனில் அது இன்னும் அதிகம், அங்கே கையைக் கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

கடையில் ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். "16 ஜிபி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ரேம், படம் வைக்கும் இடம் இல்லை. அதிலும் பாதி உண்மையான ரேம், மீதிப் பாதி உங்கள் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது என்று சின்ன எழுத்தில் இருக்கும். 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்பதும் அப்படித்தான். அந்த போன்கள் வழக்கமாகச் சுருக்கி 12 மெகாபிக்சல் அளவில்தான் படம் வைக்கும். யாராவது ஆசைப்பட்டு 50 மெகாபிக்சலை நிரந்தரமாக ஆன் செய்து கொடுத்தால் படம் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு இடம் எடுக்கும். வீடியோவை 4கே-யில் விட்டுவிட்டாலும் இதே கதை. வாங்கிய அன்றே 1080பி-யில் வைத்துக் கொடுங்கள்.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐபோனில் அதற்கு வழியே இல்லை. ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் இப்போது கிடையாது. இருந்தாலும், கார்டு சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்விடும். பெரியவர்களின் படம் கார்டில் மட்டும் இருக்கும்படி வைக்காதீர்கள், இரண்டாவது பிரதியாக இருக்கட்டும். 1 டெராபைட் 300 ரூபாய் என்று விற்கும் கார்டையும் பென் டிரைவையும் தொடவே வேண்டாம். போலி. அளவைப் பெரிதாகக் காட்டும், உள்ளே கொஞ்சம்தான் இருக்கும், படங்கள் கெட்டுப்போன பிறகுதான் தெரியும்.

கூகுள் போட்டோஸில் எல்லாம் இருக்குமே என்பது அடுத்த கேள்வி. அளவில்லாமல் இலவசம் என்பது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது 15 ஜிபி. அந்த 15-இல் ஜிமெயிலும் டிரைவும் சேர்த்தி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. அது நிரம்பினால் புது மெயிலே வராது. பென்ஷன், வங்கி என்று மெயில் எதிர்பார்க்கிற பெரியவர்களுக்கு இது போட்டோவை விடப் பெரிய தலைவலி. மாதம் 130 ரூபாய் கட்டினால் 100 ஜிபி கிடைக்கிறது. பெங்களூரில், துபாயில் இருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் மேலும் ஐந்து பேரை அதில் சேர்க்கலாம், அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துவிடுங்கள். கட்டுவதை நிறுத்தி, இரண்டு வருஷம் அளவுக்கு மேலேயே கிடந்தால் அழித்துவிடவும் கூகுளுக்கு உரிமை உண்டு. இன்னொன்று, பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால் போனிலும் போகும், கணக்கிலும் போகும். 'இடத்தைக் காலி செய்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது போனிலிருந்து மட்டும் எடுக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் யாரும் பெரியவர்கள் போனில் கை வைக்காதீர்கள்.

சரி, காலை வணக்கத்துக்கு வருவோம். சிரிக்கிறீர்கள். 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாகவே போட்டது. இந்தியர்கள் அனுப்பும் குட்மார்னிங் படங்களால் போன்கள் நிரம்பித் திணறுகின்றன என்று கூகுள் கண்டுபிடித்ததாம். அதே செய்தியில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் கணக்கும் இருந்தது. இந்தியாவில் மூன்று பேரில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்கிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான். அதற்குக் கொஞ்சம் முன்பு, 2017 டிசம்பரில் கூகுள் கொண்டுவந்த பைல்ஸ் கோ என்ற செயலியில், அந்த வாழ்த்துப் படங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அழிக்கும் வசதியையும் சேர்த்தார்கள்.

பெரியவர்கள் அனுப்புவதைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குக் காலையில் பன்னிரண்டு பேரிடமிருந்து ரோஜாப்பூ வருகிறது. ஒருநாள் ஒருவரிடமிருந்து வராவிட்டால் போன் போட்டு விசாரிப்பார். அது இருக்கட்டும். பூ போனுக்குள் போய்ச் சேமிப்பாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற இடத்துக்குப் போய், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அங்கேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று இருக்கிறது. பலமுறை பார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேல் உள்ளவை என்று தனியாகப் பிரித்துத் தரும். அழிப்பதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள், கேலரியிலிருந்து வேண்டாம். அதுவும் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்கு அப்படி இருக்காது. மங்கலாக, பாதி விரல் மறைத்த ஒரு படத்தை நான் அழிக்கப் போனேன். "அது உங்க பெரியப்பா எடுத்தது" என்று பெரியம்மா கையைப் பிடித்துவிட்டார்.

இப்போது 64 ஜிபி போன் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். டைப்-சி பென் டிரைவ் ஒன்று, 128 ஜிபி, நல்ல கம்பெனியாக வாங்குங்கள். போனிலேயே நேரடியாகச் செருகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை படங்களைப் பிரதி எடுங்கள். பிரதி எடுத்ததும் அழிக்காதீர்கள். கம்ப்யூட்டரிலோ டிவியிலோ போட்டு, நாலைந்து படம், ஒரு வீடியோ திறக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் போனில் பழையதை எடுப்பது. நான் பெரியம்மா வீட்டில் டிவியில் போட்டுக் காட்டுகிறேன். அந்த ஒரு மணி நேரம் காபி எல்லாம் கிடைக்கும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வருகிற சனிக்கிழமை மாலை 6 மணிக்கு இதே ஹாலில் இருப்பேன். போன், சார்ஜர், பென் டிரைவ் கொண்டு வாருங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டு நினைவில்லாதவர்கள், அந்தக் கணக்கோடு சேர்ந்த போன் நம்பர் யாரிடம் இருக்கிறதோ அவர்களையும் கூட்டி வாருங்கள். பெரியவர்களின் போனை மட்டும் கொண்டு வந்தால் கை வைக்க மாட்டேன், போனுக்குச் சொந்தக்காரரும் வர வேண்டும். லிஃப்ட் அதற்குள் ஓடும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.