200 கிராமும் நம் பிள்ளைகளின் உயிரும்

(ரவாங் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது குடும்பத்தை எப்படிக் கெடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நான் பேச வந்தது சட்டத்தைப் பற்றி.

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, ஒருவர் 200 கிராம் கஞ்சா வைத்திருந்தால், அவர் கடத்தல்காரர் என்றே கருதப்படுவார். 200 கிராம் என்பது ஒரு சின்னக் காப்பித்தூள் பாக்கெட். 'நான் விற்பவன் அல்ல' என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும்.

1983 முதல் கடத்தலுக்குத் தூக்கு கட்டாயமாக இருந்தது. 2018இல் கொஞ்சம் தளர்ந்தது. 2023 ஜூலை 4இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் தூக்கு ஒழியவில்லை. நீதிபதி தூக்கு கொடுக்கலாம். இல்லையென்றால் ஆயுள் சிறை, 12க்குக் குறையாத ரோத்தான் அடி.

2019இல் கூட்டரசு நீதிமன்றம், ஓர் அனுமானத்தின் மேல் இன்னொன்றை அடுக்குவது செல்லாது என்றது. 200 கிராம் அனுமானமோ இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

வசதியுள்ளவன் பெரிய வக்கீல் வைத்து நிரூபிப்பான். லாரி ஓட்டும் அப்பாவும் ஃபேக்டரிக்குப் போகும் அம்மாவும் என்ன செய்வார்கள்? குற்றத்தை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை. நாடாளுமன்ற உறுப்பினரிடம் சாலையையும் கால்வாயையும் மட்டும் கேட்காதீர்கள், இதையும் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்: நண்பன் கொடுத்தாலும், உள்ளே என்னவென்று தெரியாத பையை வாங்காதே!

பிடிபட்டால், வக்கீலைப் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 5ஆவது விதியில் இருக்கிறது. ரிமாண்டில் இருக்கும்போதே தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் இலவச வக்கீலைக் கேளுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்காதீர்கள். முதல் நாளே போங்கள்.