ஏட்டிலே இருக்கிறது நம் காணி

(கிளிநொச்சியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காடு வெட்டிக் கழனியாக்கியவர் நம் முன்னோர். இரணைமடுவின் கீழும், வவுனிக்குளத்தின் கீழும், முத்தையன்கட்டின் கீழும் அவர்கள் சிந்திய வியர்வைக்கு இந்த மண்ணே சாட்சி. ஆனால் மண் பேசாது. நீதிமன்றத்திலே பேசுவது பத்திரம். அந்தப் பத்திரத்தைப் போரிலும் இடப்பெயர்விலும் இழந்து நிற்பவர் நம்மிலே எத்தனை பேர்!

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வட மாகாணத்திலே ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் கோர வேண்டும், இன்றேல் அது அரச காணியாகும் என்றது அது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் அடங்கின. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது நல்லதே. ஆயினும் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று மாதத்துள் தம் உரிமையைக் காட்டும் ஏடு ஒன்றையேனும் கையிலே எடுத்தவர் நம்மில் எத்தனை பேர்? கண்டனத் தீர்மானம் ஒரு கை. ஆவணம் மறு கை. இரு கையும் வேண்டும்.

உங்கள் பத்திரம் எரிந்திருக்கலாம். அதன் மறுபாதி அரசாங்க அலுவலகத்திலே இருக்கக்கூடும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் கொடுக்கப்பட்ட உத்தரவுப் பத்திரமாயின், அதன் பேரேட்டுப் பதிவையும் பின்னுரித்தாளர் பெயரையும் பிரதேச செயலகத்திலே கேட்க வேண்டும். உறுதிக் காணியாயின், காணிப் பதிவகத்திலே கட்டணம் செலுத்தித் தோம்பு எடுக்கலாம். வரைபடத்துக்கு நில அளவைத் திணைக்களம். வயல் செய்தவர் பெயருக்குக் கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேடு. குடியிருந்ததைக் காட்டப் பழைய வாக்காளர் இடாப்பு. கிளிநொச்சி 1984 இலேதான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்திய காரியங்களுக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலும் கேட்டுப் பார்த்தல் தகும்.

"கேட்டால் தருவார்களா?" என்பீர்கள். தருவது அவர்கள் தயவன்று, நமது உரிமை. 2015 இல் அரசியலமைப்பிலே சேர்ந்த அவ்வுரிமை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகி, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர் என்று காரணம் காட்டத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதை எழுத்தில் வடிப்பது அந்த அலுவலரின் கடமை. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, 2017 இன் கட்டண விதிப்படி முதல் நான்கு பக்கப் பிரதிகளும் இலவசமே.

கேட்கும் முறையிலே கவனம் வேண்டும். "என் காணியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் மழுப்பலான மறுமொழியே வரும். "இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்ன குடியேற்றத் திட்டத்தில், இன்ன துண்டு இலக்கக் காணிக்கு, என் தந்தையார் பெயரில் வழங்கப்பட்ட உத்தரவுப் பத்திரத்தினதும் பேரேட்டுப் பக்கத்தினதும் பிரதி தருக" என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் வாசலைத் தாண்டாதீர்கள். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுள் அறிவித்தாக வேண்டும்.

மறுத்தாலோ, மௌனம் சாதித்தாலோ, 14 நாட்களுள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையிடுங்கள். அங்கும் நியாயம் கிடையாவிடின், இரண்டு மாதத்துள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பிறரின் அந்தரங்கத் தகவலையும் தேசப் பாதுகாப்பைப் பாதிப்பனவற்றையும் மறுக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆதலால் அயலவன் கோவையைத் துருவாதீர். உங்கள் கோவையைக் கேளுங்கள்.

"போரிலே அழிந்துவிட்டது" என்ற மறுமொழியும் வரலாம். சோர்ந்து திரும்பாதீர்கள். அந்த மறுமொழியை எழுத்திலே பெறுங்கள். பத்திரம் இல்லாதது உங்கள் குற்றமன்று என்பதற்கு அதுவே சான்று. அதை வைத்துக்கொண்டு மற்ற அலுவலகங்களின் ஏடுகளைத் திரட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டு பேண வேண்டும் என்பதே அதன் விதி. அந்தத் தவணை 2027 பெப்ரவரியுடன் நிறைவுறும். மறுநாளே எல்லாம் அழிந்துவிடும் என்று நான் அச்சுறுத்தவில்லை. ஆனால் விதி தந்த காவலுக்கு எல்லை உண்டு. நாளை பார்ப்போம் என்று இருத்தல் நன்றன்று.

இந்தியாவின் இராசத்தானத்திலே, 1990 களில், கூலி வேலை செய்த ஏழைகள் ஊர் கூட்டிக் கேட்டது என்ன? தம் பெயரிலே எழுதப்பட்ட கூலிக் கணக்கைக் காட்டுங்கள் என்பதே. அந்தச் சிறு கேள்வி வளர்ந்து, 2005 இல் இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டமாயிற்று. அவர்கள் கல்விமான்கள் அல்லர், கேட்கத் துணிந்தவர்கள்.

இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். சட்டத்தரணிகளும் இலிகிதர்களும் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் பத்துக் கமக்காரருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே, துண்டு இலக்கத்தையும் தகப்பனார் பெயரையும் இன்றிரவே ஒரு தாளிலே குறித்து வையுங்கள். அடுத்த வர்த்தமானி வரும் நாளிலே நம் கை வெறுங்கையாய் இருத்தலாகாது.