இரண்டாம் முறை வாசித்த பெண்



ஈவ்லின் கிளெனி என்ற தாளவாத்தியக் கலைஞரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1965இல் பிறந்தவர். எட்டு வயதில் காது மந்தமாகத் தொடங்கியது. பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. தாளவாத்தியம் கற்க அவர் வந்து நின்றதும் அந்த வயதில்தான்.

ரான் ஃபோர்ப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. முதலில் ஒரு ஸ்நேர் டிரம்மைக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பழகிவிட்டு வரச் சொன்னார். குச்சியும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. அந்தச் சிறுமி டிரம்மைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்தார். கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். அடுத்து டிம்பனி என்ற பெரிய முரசு. ஆசிரியர் முழக்குவார், மாணவி வகுப்பறைச் சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து நின்று, அந்தச் சுருதி உடம்பில் எங்கே அதிர்கிறது என்று தேடுவார். தாழ்ந்த சுருதிகள் காலிலும் பாதத்திலும், உயர்ந்தவை முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் தெரிந்தன. மேடையில் அவர் வெறுங்காலோடு வாசிப்பது இதனால்தான். ஒலி என்பதே அதிர்வுதான் என்று இயற்பியல் வகுப்பில் நாம் எல்லோரும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த ஆசிரியர் அதை நம்பிப் பாடம் நடத்தினார்.

காது கேளாமையை வென்றவர் என்று கிளெனியைப் புகழ்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேளாமை இன்றும் அவரோடு இருக்கிறது. அவர் எதிர்த்து நின்றது அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்த ஒரு முடிவை.

லண்டனில் உள்ள ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர வாசித்துக் காட்டினார். இடமில்லை என்றார்கள். வாசிப்பில் குறை சொல்லவில்லை; காது கேளாத இசைக் கலைஞருக்கு என்ன எதிர்காலம் இருக்கும் என்று தெரியவில்லை என்றார்கள். என் திறமையை வைத்து மறுக்காமல் இப்படி மறுக்கிறீர்கள் என்றால், நீங்கள் சேர்த்துக்கொள்பவர்களை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அந்தப் பதின்வயதுப் பெண் கேட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். இடம் கிடைத்தது. அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது: எந்த உடல் குறையைக் காட்டியும் விண்ணப்பத்தைத் தள்ளாமல், வாசிப்பைக் கேட்டு, இசைத்திறனை மட்டுமே பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற நிலை பிரிட்டனின் இசைக் கல்லூரிகளில் வந்தது. அவர் பெற்ற விருதுகள் எல்லாவற்றையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1985இல் படிப்பை முடித்தபோது அவர் விரும்பிய வேலையே உலகில் இல்லை. தாளவாத்தியக்காரர் இசைக்குழுவின் கடைசி வரிசையில் நிற்பவர். தனியாக வாசித்துப் பிழைக்க முடியும் என்று யாரும் நினைக்கவில்லை, அதற்கான படைப்புகளும் குறைவு. அவர் இசையமைப்பாளர்களைத் தேடிப்போய் எழுதி வாங்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட புதிய படைப்புகள் இப்படிப் பிறந்தன. கிராமி வந்தது, 2015இல் போலார் இசைப் பரிசு வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் முரசுக் கலைஞர்களுக்குத் தலைமை தாங்கினார்.

இன்று பட்டம் பெறும் மாணவர்களே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் நேர்முகத் தேர்வு நடத்துவீர்கள். சேர்க்கைக் குழுவில் உட்காருவீர்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் வருவார். சைகை மொழியில் ஒருவர் பேசுவார். இவரால் முடியுமா என்று உங்களுக்குள் தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், அவர் செய்துகாட்ட வந்ததைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். இது உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்.

2021இல் அபர்டீனில் உள்ள ராபர்ட் கோர்டன் பல்கலைக்கழகத்துக்குக் கிளெனி வேந்தரானார். உங்களைப் போன்ற இளைஞர்களுக்குப் பட்டம் வழங்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.