சளி வேறு, எச்சில் வேறு

மருத்துவ உதவியாளர்களுக்கான நுண்ணுயிரியல் சொற்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். கூடிய இடம் பீர்க்கன்கரணை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பக்கத்தில் பெருங்களத்தூரில் ரயில் ஏறினால், தாம்பரத்தை அடுத்து வருவது சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய நிலையம் அது. 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று நெஞ்சக நோய் மருத்துவமனை. ஒரு மருத்துவச் சொல் ஊர்ப்பெயராகி, பூக்காரம்மா முதல் கல்லூரி மாணவர் வரை எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நாள்தோறும் காதில் விழுந்தால் எந்தச் சொல்லும் பழகிவிடும் என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தது அந்த ரயில் நிலையம்தான்.

பழகிய சொல்லையே தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. பயிற்சிக் காலத்தில், ஓர் ஆய்வகத்தில், மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். படிவத்தில் ‘ஸ்பூட்டம் ஏஎஃப்பி’, அதாவது சளியில் காசநோய்க் கிருமி பார்க்கும் சோதனை என்று எழுதியிருந்தது. டப்பாவைக் கையில் கொடுத்து, “ஐயா, இதுல துப்பிக் கொண்டாங்க” என்றேன். அவரும் சொன்னபடியே துப்பிக் கொண்டுவந்தார். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது, மேலே நுரை. வெறும் எச்சில். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஸ்லைடில் தேய்த்து, கார்பால் ஃபுக்ஸின் ஊற்றி, ஆவி வரும்வரை சூடாக்கி, அமிலத்தில் நிறம் நீக்கி, மெத்திலீன் நீலம் இட்டேன். முறையில் ஒரு பிசகும் இல்லை. ‘நெகட்டிவ்’ என்று சீட்டு போயிற்று. இரண்டு மாதம் கழித்து மகள் தாங்கிப் பிடித்து அவரை அழைத்து வந்தார். இந்த முறை மூத்த டெக்னீஷியன் ஒருவர் அவரைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, “வாயைக் கொப்புளிச்சுக்கங்க. மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. இப்போ அடி நெஞ்சுல இருந்து இருமுங்க” என்றார். மஞ்சளாக, கெட்டியாகச் சளி வந்தது. லென்ஸுக்கடியில் நீலப் பரப்பெங்கும் சிவப்புக் கோல்கள். மூன்று பிளஸ். அந்த இரண்டு மாதத்தில் அவர் வீட்டில் எத்தனை பேர் அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார்கள் என்று இன்றும் எனக்கு நினைப்பு வரும்.

ஸ்பூட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நான் தவறவில்லை. தேர்வில் எழுதச் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். அதை அந்தப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சளி என்றால் மூக்கொழுகுவதையும் நினைப்பார்கள். கோழை என்றால் சில ஊர்களில் உடனே புரியும், சில ஊர்களில் முழிப்பார்கள். ‘நெஞ்சுச் சளி’ என்றால் பெரும்பாலும் எங்கும் புரிகிறது.

நெகட்டிவ் என்ற சொல்லும் அப்படித்தான். “கிருமி இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணுக்குப் படும். அதற்குக் குறைந்தால் இருந்தும் தெரியாது. ஆகவே “இந்தச் சோதனையில் கிருமி தென்படவில்லை” என்பதுதான் சரி. இருமல் நிற்காவிட்டால் திரும்பி வர வேண்டும், சிபிநாட் என்ற மரபணுச் சோதனைக்கும் அனுப்ப வேண்டியிருக்கலாம் என்பது அந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கியிருக்கிறது. பாசிட்டிவ் என்றதும் நல்ல செய்தி என்று முகம் மலர்ந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலே பேசுவது எளிதல்ல.

கிருமி என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடமொழியில் அது புழுவைக் குறித்த சொல். இன்று பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, அமீபா எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றையே சொல்கிறோம். “கிருமிதானே, ஆன்டிபயாடிக் கொடுங்க” என்று வைரஸ் காய்ச்சலுக்கும் கேட்பது அதனால்தான். ஒரு கிருமியின் நோயை இன்னொன்றினுடையதாக எண்ணும் குழப்பம் மருத்துவர்களையும் விடுவதில்லை. 1917இல் இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜன் காசநோயாளி என்று கருதப்பட்டு, இதே சௌரி முத்துவின் மெண்டிப் மலை நிலையத்தில் சேர்க்கப்பட்டார். 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது அமீபாவால் வந்த ஈரல் நோயாகவே இருந்திருக்கும் என்று எழுதினார்.

மாணவிகளுக்குக் ‘கிராம் பாசிட்டிவ்’ என்று சொல்லும்போது, எத்தனை கிராம் என்ற கேள்வி தவறாமல் வரும். சிரிக்கக் கூடாத கேள்வி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? 1884இல் பாக்டீரியாக்களைப் பிரித்தறியும் சாய முறையை வெளியிட்ட டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராமின் பெயர் அது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது. பாக்டீரியாப் பெயர்களில் வரும் காக்கஸ் என்றால் கிரேக்கத்தில் மணி, தானியம். ஸ்டஃபிலோ என்றால் திராட்சைக் குலை. வைரஸ் என்றால் லத்தீனில் நஞ்சு. அந்த மொழிக்காரர்களுக்கும் இவை தோட்டத்துச் சொற்கள், வீட்டுச் சொற்கள்தாம். நாம் நச்சுயிரி என்று சொல்ல எதற்குத் தயங்க வேண்டும்?

அதே 1884இல்தான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மறைந்தார். அவர் 1873இலேயே அமெரிக்கா திரும்பிவிட்டார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப் பெயர் தேடிய அந்த மனிதருக்குக் கிருமிகளின் பெயர்கள் வந்து சேரவில்லை. அந்த வேலை நம்மிடம் பாக்கி இருக்கிறது.

படிவத்தில் ஆங்கிலச் சொல் இருக்கட்டும். ஆய்வகங்களுக்கிடையே அது வேண்டும். நோயாளியிடம் பேசும் வாக்கியம் தமிழில், ஊருக்கு ஊர் சோதித்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். ஆகவே முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பதற்கு முன் ஒரு வேலை. உங்கள் மேசையில் ஆளுக்கொரு சளி டப்பா வைத்திருக்கிறோம். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். பக்கவாட்டில் ஒட்டும் சீட்டில் எழுதுங்கள். அந்தப் பெரியவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் எது? பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.